முற்றத்தில் கேரளம், அடுக்களையில் தமிழ்நாடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது எனக்குத் தோன்றிய கதை இல்லை. என்னிடம் கேட்டு வாங்கிய ஒரு கட்டுரை கெட்டுப்போய் இப்படி ஆகிவிட்டது.

நெய்யாற்றின்கரையில் 'கருணைக்கரம் உபகரண வங்கி' என்று ஒன்று உண்டு. (கதைக்காக வைத்த பெயர். இதைவிடக் கனமாக ஒன்று தேடினேன், கிடைக்கவில்லை.) ஒரு சபையும் ஒரு கோயில் கமிட்டியும் சேர்ந்து நடத்துவது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு நீர்ப்படுக்கை, சக்கர நாற்காலி, ஆக்சிஜன் மெஷின் எல்லாம் இரவல் கொடுப்பார்கள். தேவை தீர்ந்ததும் வாங்கி அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். நல்ல காரியம். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் விழா நடந்தே தீரும். விழா நடந்தால் மலர் வந்தே தீரும். மலர் வந்தால், பக்கம் நிரம்பாத குறைக்கு, என்னைக் கூப்பிடுவார்கள்.

இந்தத் தடவை விழா, இரவல்களைக் கவனிக்கிற புதிய மென்பொருளுக்கு. ஞாயிற்றுக்கிழமை தொடக்க விழா. மென்பொருள் ஆறு வாரமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நாடா வெட்டாத எதுவும் நம்மூரில் தொடங்கியதாகக் கணக்கில்லை. கட்டுரைக்குத் தலைப்பையும் செயலாளரே கொடுத்துவிட்டார்: 'மென்பொருளில் மலரும் மானுடம்'.

"விவரத்துக்கு அதுல வேலை பார்க்கிற பெண்ணைப் பாருங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை இரவு பார்த்தேன். லிஜி ஒன்றரை மணி நேரம் பேசினாள். அவள் சொன்னதில் ஒரு வரிகூட அந்தத் தலைப்புக்குக் கீழே உட்கார மறுத்துவிட்டது.

2

தொடக்கம் அ: நெய்யாறு அன்று அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் கரையில் இரு மொழிகள் கைகோத்து—

நிறுத்திவிட்டேன். அன்று நெய்யாறு எப்படி ஓடியது என்று நான் பார்க்கவில்லை. லிஜியும் பார்க்கவில்லை. மொழிகளுக்குக் கையும் கிடையாது.

தொடக்கம் ஆ: பொருள்நோக்கு மென்பொருள் அமைப்புகளில், பரவல் சார்ந்த அக்கறைகளைப் பயன்பாட்டுத் தர்க்கத்திலிருந்து பிரித்துவைப்பதன் இன்றியமையாமை குறித்து—

இந்த வாக்கியத்துக்கு வினைச்சொல் வருவதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. ஆனால் ஒன்று, இந்தக் கதை முழுக்க முழுக்க அதைப் பற்றியதுதான். இங்கேயே சொல்லி வைக்கிறேன், பிறகு ஏமாற்றிவிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது.

தொடக்கம் இ, இதை வைத்துக்கொள்வோம்:

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பாறசாலையை அடுத்து, மாநில எல்லைக்கு இருநூறு அடி இந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிற வேதமாணிக்கத்தின் வீட்டு முன்னால் பொன்னப்பனின் வேன் வந்து நின்றது. பொன்னப்பன் உபகரண வங்கியின் டிரைவர். சாமான்களைக் கொண்டுபோய் வைப்பதும் எடுத்து வருவதும் அவர்தான்.

"மெஷினை எடுக்க வந்தேனாக்கும்" என்றார்.

வேதமாணிக்கத்தின் மகள் விமலகுமாரி கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். "எந்த மெஷினை?"

"ஆக்சிஜன் மெஷினைத்தான் அக்கா. போன்ல ஆர்டர் வந்திருக்கு, இந்தா. 'நோயாளி சேவைப் பகுதிக்கு வெளியே சென்றுவிட்டார். ஏழு நாள்களாகப் புதுப்பிக்கவில்லை. திரும்பப் பெறவும்.'"

"வெளியேன்னா எங்கயாம்?"

"தமிழ்நாட்டுக்கு."

விமலகுமாரி வாசலை விட்டு விலகி நின்றாள். உள்ளே கட்டில் தெரிந்தது. கட்டிலில் எழுபத்துநான்கு வயசு வேதமாணிக்கம், மூக்கில் குழாயோடு. பக்கத்தில் மெஷின் முனகிக்கொண்டிருந்தது. கரண்ட் இருந்தால் போதும், அறைக் காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின். நான்கு மாதமாக அவர் உயிரோடிருப்பது அதனால்தான்.

"அப்பா, நீங்க தமிழ்நாட்டுக்குப் போனியளாம். வீட்டுல ஒரு வார்த்தை சொல்லீட்டுப் போவப்பிடாதா?"

வேதமாணிக்கத்துக்கு ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில்தான் சொல்ல முடியும். "கக்கூஸுக்குப் போவதுக்கே ரெண்டாளு பிடிக்கணும்..." கொஞ்சம் இளைப்பாறினார். "தமிழ்நாட்டுக்கு ஆரு பிடிச்சா?"

பொன்னப்பன் முற்றத்துக்கு வந்து லிஜிக்குப் போன் போட்டார். "மக்கா, இஞ்ச ஒரு மனுசன் மூச்சு விட்டுட்டுக் கெடக்காரு. உனக்க சாதனம் அவரு இஞ்ச இல்லன்னு சொல்லுது. நான் ஆரை நம்பணும்?"

3

இனி லிஜிக்குப் பக்கத்திலேயே நிற்கப்போகிறேன். (அப்படித்தான் தீர்மானம். நடுவில் ஓடிவந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

லிஜிக்கு இருபத்தாறு வயசு. அமரவிளையில், ஹைவே ஓரத்து பேக்கரி ஒன்றின் மாடியில் இருக்கும் 'இன்ஃபினிட்டி ஒன் குளோபல்' கம்பெனியில் வேலை. முதல் வேலை. கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். லெட்டர்ஹெட்டில் 'இந்தியா, வளைகுடா, அதற்கப்பாலும்' என்று இருக்கும். பத்து மணிக்கு பப்ஸ் வேகிற வாசனை மாடி ஏறி வரும்போதுதான் அதற்கப்பால் எதுவும் இல்லை என்று தெரியும். முதலாளி சஜன். விசிட்டிங் கார்டில் முதலாளி என்று போடவில்லை, 'தலைமைச் சிற்பி' என்று போட்டிருக்கிறார்.

பொன்னப்பனின் போனைக் கேட்டதும் லிஜி ஆச்சரியப்படவில்லை. அவள் இதை எதிர்பார்த்திருந்தாள்.

"எடுக்காதீங்க அண்ணா. அஞ்சயே இருங்க" என்றாள்.

"நான் எடுக்கல்ல. ஆனா செங்கலுக்குக் கொண்டுபோவச் சொல்லி அடுத்த ஆர்டரும் வந்தாச்சு, கேட்டியா."

அதுதான் விஷயம். வரிசையில் அடுத்த ஆள், செங்கல் என்கிற ஊரில் இருக்கும் கிருஷ்ணன்குட்டி. நாளை சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார். மெஷின் வீட்டில் இருந்தால்தான் டாக்டர் அனுப்புவார். அவர் மனைவி பிரேமகுமாரிக்கு மென்பொருள் தானாகவே சேதி அனுப்பிவிட்டது: 'உங்கள் உபகரணம் புறப்பட்டுவிட்டது.' புறப்பட வேண்டிய உபகரணமோ வேதமாணிக்கத்தின் மூக்கோடு இணைந்திருக்கிறது. இரண்டு பேர், ஒரு மெஷின், இருபத்துநான்கு மணி நேரம்.

லிஜி விமலகுமாரியிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

"அக்கா, போன வெள்ளிக்கிழமை அந்தப் பச்சைப் பட்டனை அமுக்கினீங்களா?" வாரம் ஒரு தடவை வீட்டுக்காரர்கள் போனில் பச்சைப் பட்டனை அமுக்கவேண்டும். மெஷின் இன்னும் தேவை என்பதற்கு அதுதான் அடையாளம்.

"அமுக்கினேனே. நன்றின்னு வந்துது."

"எங்க நின்னு அமுக்கினிய?"

"அடுக்களையில. மீன் பொரிச்சுட்டு நின்னேன்."

"அய்யோ" என்றாள் லிஜி.

"மீன் பொரிச்சது குத்தமா?"

4

குற்றம் மீனில் இல்லை. விமலகுமாரியின் வீட்டில் முற்றத்தில் நின்றால் போனுக்குக் கேரளத்து டவர் கிடைக்கும், அடுக்களையில் நின்றால் தமிழ்நாட்டு டவர். உப்பு எடுக்கப் போகும்போதெல்லாம் 'தமிழ்நாட்டுக்கு வரவேற்கிறோம்' என்று போன் கும்பிடும். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது பழகிப்போன சங்கதி. எந்த மூலையில் எந்த மாநிலம் என்று தெரிந்துதான் சார்ஜருக்கு இடம் பார்ப்பார்கள். பழகாதது சஜனின் மென்பொருளுக்கு மட்டும்தான்.

வங்கிக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று நெய்யாற்றின்கரை அலுவலகத்தில். இன்னொன்று எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளையில் உள்ள தோழமைக் குழுவின் அறையில். சஜன் இதை 'இன்டர்ஸ்டேட் கிளவுட்' என்று சொல்வார். போன் எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக் கம்ப்யூட்டருக்குச் சேதி போகும். அதுவரை ஒழுங்கு. ஆனால் அதைத் தீர்மானிக்கும் வேலையை அவர் யாரிடம் கொடுத்திருந்தார் தெரியுமா? நோயாளியிடம்.*

* மென்பொருள் தெரியாதவர்களுக்கு: இந்த மாதிரி நிரலில் 'ஆப்ஜெக்ட்' என்று ஒன்று வரும். ஒரு சின்ன ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன் விவரம் தனக்குத் தெரியும், தன் வேலையைத் தான் செய்யும். 'நோயாளி' ஓர் ஆள், 'இரவல்' ஓர் ஆள். தெரிந்தவர்கள் இந்த அடிக்குறிப்பைப் படித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

லிஜி 'நோயாளி'யைத் திறந்து பார்த்தாள். பேரும் வயசும், என்ன நோய் என்கிற தீனமும் எங்கோ அடியில் கிடந்தன. அதற்குமேல் முழுக்க டவர். டவர் தமிழ்நாடு என்றால் நோயாளியும் தமிழ்நாடு. கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லையென்றால் மூன்று தடவை கூப்பிடு. மழைக்காலம் என்றால் ஐந்து தடவை. வார்டு மெம்பரின் மாமியார் என்றால் டவரைப் பார்க்காதே. எந்த வரி மனிதனைப் பற்றியது, எந்த வரி வழியைப் பற்றியது என்று பிரிக்க முடியாமல், கஞ்சியில் விழுந்த மணல்போலக் கலந்து கிடந்தது. விமலகுமாரி அடுக்களையில் நின்று அமுக்கியபோது, அவள் அப்பா கட்டிலோடு எல்லை தாண்டிவிட்டதாக 'நோயாளி' முடிவு செய்தது. புதுப்பித்த சேதி அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தது. இந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் ஏழு நாள் பார்த்துவிட்டு, ஆள் போய்விட்டார் என்று எழுதியது.

லிஜி இந்த வரிகளை முதல் வாரமே பார்த்திருந்தாள். ஒரு தடவை சொல்லியும் பார்த்தாள். "அதாக்கும் நம்மளுடைய ஸ்பெஷாலிட்டி" என்று சஜன் சிரித்தார். அன்றைக்கு அவளை எல்லார் முன்னாலும் பாராட்டியிருந்தார், அதனால் மறுபடி வாயைத் திறக்கவில்லை. ஆறு வாரம். இப்போது அந்த மௌனத்தின் முனையில் ஒரு கிழவரின் மூக்குக்குழாய் இருந்தது.

5

இங்கே ஒரு சந்தேகம். சஜனை நான் சரியாக எழுதுகிறேனா?

முதல் பிரதியில் அவருக்குத் தங்கச் சங்கிலியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டியிருந்தேன். லிஜியிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.

"சஜன் சேட்டன் அப்படி ஒரு ஆளில்ல சாரே. முன்னாடி வங்கியில எல்லாம் நோட்டுப்புக்காக்கும். ஒரே மெஷினை மூணு வீட்டுக்குச் சொல்லிவச்சு, மூணு வீட்டுக்காரும் கேட்டுல நின்னு சண்டை போட்டிருக்காவ. அதைப் பார்த்துட்டு பைசா வாங்காம எழுதிக் கொடுத்தாரு. தன்னைப்பத்திக் கொஞ்சம் பெருசா நெனச்சுட்டாரு, அவ்வளவுதான்."

சங்கிலியைக் கழற்றிவிட்டேன். கண்ணாடியையும். (தலைமைச் சிற்பியை மட்டும் விட்டுவிடச் சொல்லாதீர்கள், அது உண்மையிலேயே கார்டில் இருக்கிறது.)

சஜன் அப்போது ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்குக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டிருந்தார். பேச்சின் பெயர் 'தன் இடம் அறிந்த ஆப்ஜெக்டுகள்'.

"லிஜி, நாளை மறுநாள் இனாகுரேஷன். இன்னைக்கு ஆர்க்கிடெக்சரில கை வைக்கவா? நடக்காது, கேட்டியா. ஒரே ஒரு வரி மதி, வேற ஒண்ணும் வேண்டாம். 'நோயாளி பெயர் வேதமாணிக்கம் என்றால் டவரைப் பார்க்காதே.' தீர்ந்துது."

"அடுத்த வாரம் வேற ஒரு அக்கா மீன் பொரிப்பா."

"அவளுக்கும் ஒரு வரி."

"இப்பமே பதினேழு பேருக்குத் தனித்தனி வரி உண்டு சேட்டா. அது நோயாளியா, வாக்காளர் பட்டியலா?"

சஜன் திரும்பிப் பார்த்தார். ஆறு வாரத்தில் அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. அவளுமே கேட்டதில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

"நோயாளிக்கு டவர் எதுக்கு? மூச்சு முட்டுதா, மெஷின் வேணுமா, எப்பம் வரை வேணும். இவ்வளவும் தெரிஞ்சா மதி. சேதியை எந்த கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவணும், வழி அடைஞ்சா என்ன செய்யணும், அதெல்லாம் வேற ஒரு ஆளுக்க வேலை. நம்ம ரெண்டையும் ஒரே ஆளுக்க தலையில கட்டியாச்சு. அதுக்காக்கும் அது ஆளையே தொலைச்சது."

"லிஜி, எங்க இருக்கோம்னு அதுக்கே தெரியும். அதுதானே நம்ம..."

"தெரியல்லியே சேட்டா. மனுசன் கட்டிலில கெடக்காரு."

"அது டவருக்க தப்பு" என்றார் சஜன். பிறகு, தலைமைச் சிற்பிகளுக்கே உரிய முறையில், சமாதானமானார். "செரி, நானே நேர்ல போய் ஆர்டரை நிறுத்துதேன். அட்மின் நான்தானே. நீயும் வா. நோயாளியோட ஒரு ஃபோட்டோவும் எடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை ஸ்கிரீன்ல போடுகதுக்கு."

6

வேதமாணிக்கம் ஃபோட்டோவுக்கு உடனே சம்மதிக்கவில்லை. "பல்லு... எடுத்து வச்சுக்கிடட்டு."

பல்லை வைத்துக்கொண்டார். சஜன் கட்டில் அருகே குனிந்து, உலகத்துக்கே ஆக்சிஜன் கொடுப்பவர்போல் நின்றார். லிஜி எடுத்தாள். பிறகு சஜன், கோளாறு நடந்த இடத்தைப் பார்வையிடும் பொருட்டு, அடுக்களைக்குள் போனார். விமலகுமாரி தேயிலைத் தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே நின்றுகொண்டே அவர் போனில் 'ஆர்டரை ரத்து செய்' என்பதை அமுக்கினார்.

போன் முதலில் அவரைத் தமிழ்நாட்டுக்கு வரவேற்றது. பிறகு மென்பொருள் பேசியது:

'திரு. சஜன், நீங்கள் சேவைப் பகுதிக்கு வெளியே சென்றுவிட்டீர்கள். உங்கள் நிர்வாக உரிமை நிறுத்தப்பட்டுள்ளது. கருணையுடன், கருணைக்கரம்.'

சஜன் முற்றத்துக்கு ஓடினார். முற்றத்தில், 'நீங்கள் வேறோர் இடத்தில் இருக்கிறீர்கள்' என்றது. மறுபடி அடுக்களைக்கு ஓடினார். அங்கே அவர் யாரென்றே தெரியாது என்றது. போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை வீட்டைக் குறுக்கே கடந்தார்.

"இவியளுக்கு என்ன ஆச்சு?" என்றாள் விமலகுமாரி.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பொன்னப்பன் தலையை உயர்த்தாமல் சொன்னார்: "சாரு மாநிலம் தாண்டுதாரு அக்கா. வழி விடுங்க."

வேதமாணிக்கம் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அவருக்கு ஆகாது. அது இருமலாகி, இருமல் நெஞ்சைப் பிடித்து, உதடு நீலம் ஏறியது. விமலகுமாரி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து நிமிர்த்திப் பிடித்தாள். லிஜி மெஷினின் குமிழைத் திருகிக் கூட்டினாள். விரலில் மாட்டியிருந்த, ரத்தத்து ஆக்சிஜனை அளக்கிற சின்னக் கருவியில் எண் தெரிந்தது. எண்பத்துமூன்று. எண்பத்துநான்கு. வெகு நேரம் எண்பத்துநான்கு. பிறகு எண்பத்தெட்டு. தொண்ணூறு.

(இந்த இடத்தில் அந்த எண்ணைப் பற்றி அழகாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். யாரும் அப்போது அழகைப் பற்றி யோசிக்கவில்லை.)

சஜன் வாசல்நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போன் கையில் தொங்கியது. இந்த மெஷினை எடுத்துவிடச் சொல்லித் தன் மென்பொருள் ஆள் அனுப்பியிருக்கிறது என்பது அவருக்குக் காலையிலிருந்தே தெரியும். தெரிவது வேறு. எண் தொண்ணூறைத் தொடும்வரை அவர் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்ததை லிஜி கவனித்தாள்.

"லிஜி" என்றார் மெதுவாக. "லேப்டாப் கொண்டுவந்திருக்கியா?"

7

கொண்டுவந்திருந்தாள். சொல்லாத ஒன்றும் அதில் இருந்தது. மூன்று வாரமாக வீட்டில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல், 'நோயாளி'யை வேறு மாதிரி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்புக்குப் 'பழைய பில்' என்று பெயர் வைத்து ஒளித்திருந்தாள். அதை இப்போது சஜன் முன்னால் திறந்தாள். அவர் கோப்பின் பெயரைப் பார்த்துவிட்டு, கீழே வாசிக்கத் தொடங்கினார்.

லேப்டாப் வழியாக அலுவலகக் கம்ப்யூட்டரில் நேரடியாகப் புகுந்து முதலில் அந்த ஆர்டரை நிறுத்தினார்கள். பிறகு முற்றத்து மேசையில், ஆறு மணிவரை, இரண்டு பேருமாக இருந்து பிரித்தார்கள். டவர் சம்பந்தப்பட்டது, வழி சம்பந்தப்பட்டது, மறுபடி கூப்பிடுவது, மழைக்காலம், மெம்பரின் மாமியார் எல்லாம் வெளியே வந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். 'நோயாளி'யில் மிஞ்சியது முப்பத்தொன்று.

சஜன் அந்த முப்பத்தொன்றை வாசித்தார். பேரு, வயசு, தீனம், என்ன வேண்டும், எப்போது வரை. "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சேட்டா."

"இப்பம் வாசிச்சா ஆளு தெரியுதாரு" என்றார்.

வெளியே எடுத்த வேலைகளைச் செய்யத் தனியாக ஓர் ஆள் வேண்டும். சேதியை வாங்கி, எந்தக் கம்ப்யூட்டர் என்று பார்த்து, கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள். அதற்குப் பெயர் வைக்கும்போது சஜன் பழைய சஜன் ஆனார். "'இன்டர்ஸ்டேட் டெலிவரி கேட்வே மேனேஜர்'னு வைக்கலாம்."

லிஜி ஏற்கெனவே தட்டச்சு செய்துவிட்டாள்: 'பொன்னப்பன்'.

"எனக்க பேரா?" படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. "அதுல எனக்கு லீவு உண்டா மக்கா?"

"இல்ல அண்ணா. வழி அடைஞ்சா காத்துக் கெடக்கணும்."

"அது இப்பமும் அப்படித்தானே. வீட்டுக்காரருக்கு என்ன தீனம்னு நான் கேக்கணுமா?"

"கேக்காண்டாம். சாமானும் விலாசமும் மதி."

"அப்பம் செரி. பேரை வச்சுக்கோ."

சஜனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மறு கோடிக்கே போய்விட்டார். "அப்படீன்னா ஒரு காரியம் செய்யலாம் லிஜி. வழியே இல்லங்கிற மாதிரி மறைச்சுடலாம். அமுக்கினா உடனே 'நன்றி'. தூரம்னு ஒண்ணு உண்டுன்னே வீட்டுக்காரருக்குத் தெரியாண்டாம்."

"அது அடுத்த பொய்யாக்கும்" என்றாள் லிஜி. "அந்த 'நன்றி'யைப் பார்த்துத்தானே அக்கா ஏமாந்தா? தூரம் உண்டு. பொன்னப்பன் போய்ச்சேரல்லன்னா திரும்பி வந்து சொல்லணும், 'எழுதி வச்சிருக்கேன், இன்னும் சேரல்ல'ன்னு. இன்னொண்ணும் உண்டு. சேதி வரல்லன்னா சேதி வரல்லன்னு மட்டுந்தான் அர்த்தம். ஆளு போயிட்டாருன்னு நம்மளா எழுதப்பிடாது. வீட்டுல ஒருத்தருட்ட வாயால கேக்காம மெஷினைத் தொடப்பிடாது."

சஜன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, அந்த வரியை அவரே தட்டச்சு செய்தார்.

(என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதையைக் கொண்டுவந்து சேர்க்கிற ஆள் நான். கதைக்குள் எனக்கு வேலை இல்லை. இந்தப் பகுதியை எழுதி முடித்ததும், முன்னால் போய் என் அடைப்புக்குறிகளையெல்லாம் அழிக்கத் தொடங்கினேன். இரண்டை அழித்ததும் நிறுத்திவிட்டேன். எனக்கு எது தெரியும், எது தெரியாது என்று அவைதான் சொல்லிக்கொண்டிருந்தன. நான் இல்லவே இல்லை என்று நடித்தால் அதுவும் ஒரு 'நன்றி'தான்.)

8

ஆனால் கிருஷ்ணன்குட்டி?

மெஷின் இப்போதும் ஒன்றுதான். எவ்வளவு அழகாகப் பிரித்தாலும் நிரலிலிருந்து ஆக்சிஜன் வராது. ஆறு மணிக்கு லிஜி இரண்டு கம்ப்யூட்டர்களின் பதிவுகளையும் முதன்முதலாக ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். அதுவரை அந்த இரண்டையும் சேர்த்து யாரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய வேலையை 'நோயாளி' தன் தலையில் எடுத்துக்கொண்டிருந்ததே.

"அண்ணா," என்றாள் திடீரென்று, "நீங்க தெனமும் போய்ப் பார்த்துட்டு வருத பூட்டின வீடு எது?"

"பத்து நாளாட்டு போறேனே! 'திரும்பப் பெறவும், திரும்பப் பெறவும்'னு ஆர்டர். அஞ்ச போனா பூட்டு. அந்த அம்மை போய்ச்சேர்ந்து, மக்க எல்லாம் ஊருக்குப் போயாச்சுன்னு அடுத்த வீட்டுக்காரி சொல்லுதா."

"மெஷினை அவிய போவதுக்கு முன்னாடியே கொடுத்தாச்சு அண்ணா. காருல கொண்டுபோய், 'பக்கத்து சேமிப்பறை'ன்னு போன் காட்டின எடத்துல வச்சிருக்காவ. அவியளுக்க வீட்டுலயும் தமிழ்நாட்டு டவராக்கும்."

மெஷின் மூன்று வாரமாகக் களியக்காவிளை அறையில் இருந்தது. இந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது இன்னும் செத்துப்போன அம்மாவின் கட்டில் பக்கத்தில். அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது கேரளத்துக்காரர்களின் சாமான், தொடக் கூடாது. இரண்டு கம்ப்யூட்டர்களும் தங்கள் தங்கள் அளவில் மிகவும் கண்ணியமாக நடந்துகொண்டிருந்தன.

பொன்னப்பன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "பத்து நாளா என்னைப் பூட்டைப் பார்த்துக் கும்பிட வச்சுட்டியளே பாவிகளா" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

9

இனி முடிவு.

முடிவு அ: ஞாயிற்றுக்கிழமை மேடையில் சஜன் மைக்கைப் பிடித்து, தன் பேச்சைக் கிழித்துப் போட்டுவிட்டு, "இது லிஜியின் வேலை" என்று சொல்ல, அரங்கம் எழுந்து நின்று—

இல்லை. இதை எழுதும்போது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லை. சஜன் பேச்சைத் திருத்திக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் கேள்வி, கிழிக்கவில்லை. நல்லது, கிழித்தால் அதையும் ஒரு விழாவாக்கிவிடுவார்.

முடிவு ஆ: கிருஷ்ணன்குட்டியும் வேதமாணிக்கமும் பிற்காலத்தில் சந்தித்து—

வேண்டாம். இருவருக்கும் பேச மூச்சு வேண்டும்.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்குப் பொன்னப்பன் களியக்காவிளையிலிருந்து மெஷினை எடுத்தார். அறையில் கரண்ட் இல்லை, அதனால் போட்டுப் பார்க்க முடியவில்லை. பஞ்சு வடிகட்டியைக் கழற்றிப் பைப்பில் கழுவி, வேனின் முன்கண்ணாடி வெயிலில் காய வைத்துக்கொண்டே ஓட்டினார். லிஜி முன்சீட்டில். மூன்று வாரம் சும்மா கிடந்த மெஷின் ஓடும் என்று தொண்ணூறு சதவிகிதம் நம்புவதாகச் சொன்னாள். மீதிப் பத்து சதவிகிதத்தை மடியில் வைத்துக் கைகளால் பொத்தியிருந்தாள்.

செங்கலில் பிரேமகுமாரி கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி வைத்திருந்தாள். பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் இருந்த தையல் மெஷினை இழுத்து மூலைக்குத் தள்ளியிருந்தாள். புது விரிப்பு. பன்னிரண்டு மணிக்கு மெஷினை இறக்கி வைத்தார்கள். ஆஸ்பத்திரி வேன் நெய்யாற்றின்கரையை விட்டுப் புறப்பட்டுவிட்டது.

அப்போதுதான் லிஜி எனக்குப் போன் செய்தாள். "சாரே, பிளக் குத்தியாச்சு. கரண்ட் உண்டு. நீங்க இதை எழுதுதீங்களா, இல்ல மலருக்கு வேற ஏதாவது..." அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, பிரேமகுமாரியின் குரல் கேட்டது. வேலை செய்த கையைத் துடைத்துக்கொண்டே கேட்கிற குரல். அதோடு லைன் அறுந்தது. இரண்டு தடவை திரும்பக் கூப்பிட்டேன், டவர் கிடைக்கவில்லை. அதற்கு மேல் அதில் அர்த்தம் எதுவும் ஏற்றாதீர்கள்.

நான் அறிந்தது அந்த வாசல்வரைதான். உள்ளே போய் ஒரு முனகல் சத்தத்தை எழுதிவிட எனக்குத் தெரியும், ஒரு நிசப்தத்தையும் எழுதத் தெரியும். எதையும் எழுதப்போவதில்லை. மெஷினுக்கு முன்னால் இப்போது நிற்பது நீங்கள். வடிகட்டி காய்ந்துவிட்டது. ஜன்னல் திறந்திருக்கிறது. பிரேமகுமாரி சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு உங்களைத்தான் கேட்கிறாள்:

"போடட்டா மக்கா?"